லூபே வீட்டுக்குப் போகாத வழி

புவாதினோவின் கடலோரக் குடில்களில் தங்க வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு அவளைக் கண்டால் கொஞ்சம் பயம். போர்வையை உதறும்போதும் சரி, தட்டில் சேப்பங்கிழங்கை வைக்கும்போதும் சரி, யாரையோ திட்டி முடித்துவிட்டு நேராக இங்கே வந்தவள் போலத்தான் இருப்பாள். அவள் கணவன் பெனாயா அந்தப் பிள்ளைகளிடம், "கோபமெல்லாம் ஒண்ணுமில்ல. அவ மூஞ்சியே அப்படித்தான்" என்று சொல்லிச் சமாளிப்பான்.

அது பொய். நான்கு வருஷமாக அவள் கோபமாகத்தான் இருந்தாள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் வைலோலோ ஊர் தேவாலயத்தின் பெண்கள் பாடகர் குழு சமோவாவிலிருந்து ஆக்லாந்துக்குப் போயிருந்தது. அங்கே புவாதினோவின் தங்கை லூபே இருக்கிறாள். பத்தொன்பது வயதில் விமானம் ஏறியவள். மாங்கெரேயில் ஒரு வாடகை வீடு, கணவன் சேமு, மூன்று பிள்ளைகள், ஆபீஸ் கட்டடங்களைச் சுத்தம் செய்கிற வேலை. குழுவில் பாதிப் பேர் அவள் வீட்டில்தான் தங்கினார்கள். கார் ஷெட்டில் மெத்தைகளை வரிசையாகப் போட்டு, சுவர் தெரியாமல் பூப்போட்ட துணி கட்டியிருந்தாள். அவளுடைய பிள்ளைகள் வேனுக்குள் தூங்கினார்கள். விருந்தாளிகளுக்குத் தினமும் பன்றி, கோழி, தேங்காய்ப்பாலில் வெந்த கீரை. புறப்படுகிற அன்று ஆளுக்கொரு பெட்டி டின் இறைச்சி, உறையில் பணம். எல்லோரும் லூபேயை வாழ்த்திப் பாடினார்கள். புவாதினோவும் தலை நிமிர்ந்து பாடினாள். என் தங்கை பார் என்று அவளுக்குக் கண் நிறைந்துபோனது.

ஊருக்குத் திரும்பிச் சில மாதம் கழித்து ஒரு நாள் போனில் பார்த்தபோது லூபே பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். மழை. கோட்டுத் தொப்பியிலிருந்து தண்ணீர் மூக்கு வழியாகச் சொட்டியது.

"வண்டி எங்கடி?"

"பெரியவன் எடுத்துட்டுப் போயிருக்கான்."

அடுத்த முறையும் பெரியவன்தான் எடுத்துக்கொண்டு போயிருந்தான். அதற்கடுத்த முறையும். கடைசியில் ஒரு நாள் போனை எடுத்த சேமுவிடம் கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே, "எந்த வண்டி மதினி? உங்க பாட்டுக் குழு சாப்பிட்டுட்டுப் போச்சே, அந்த வண்டியா?" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. லூபேயிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கெஞ்சினான்.

அன்றிலிருந்து அந்தப் பன்றிக் கறியின் ருசி புவாதினோவின் நாக்கில் கசந்தது. அவளும் அதைத் தின்றிருக்கிறாள். இரண்டாம் முறை வாங்கியும் தின்றிருக்கிறாள். பிறகு லூபேயின் வலது முழங்கால் வீங்க ஆரம்பித்தது. ஏறி இறங்குகிற வேலையை விட்டுவிடும்படி டாக்டர் சொன்னாராம். லூபே டாக்டரை விட்டுவிட்டாள்.

இந்த நிலையில்தான் பிரிஸ்பேனிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே குடியேறிய சமோவாக்காரர்கள் கட்டிய தேவாலயத்துக்கு இருபத்தைந்தாம் ஆண்டு. வைலோலோ குழு வந்து பாட வேண்டும். மகளிர் சங்கக் கூடத்தில் கூடிப் பேசினார்கள். அவ்வளவு தூரம் போகிறவர்கள் பிரிஸ்பேனை மட்டும் பார்த்துவிட்டு வருவதா? ஆக்லாந்து, வெலிங்டன், சிட்னி எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டால் என்ன? செலவு?

"செலவு என்ன செலவு," என்றாள் மாசினா. குழுவின் முதல் குரல் அவள்தான், முதல் வாயும் அவள்தான். "டிக்கெட்டுக்கு மட்டும் பணியாரம் சுட்டு வித்தாப் போதும். ஆக்லாந்துல லூபே இருக்கா. வெலிங்டன்ல எங்க மச்சான். சிட்னியில பாதி ஊரே இருக்கு. ஒரு காசு செலவில்லாம நாலு ஊரையும் பாத்துட்டு வரலாம்."

"யாருக்கு செலவில்லாம?" என்று புவாதினோ கேட்டாள்.

"நமக்குத்தான்."

"நமக்குச் செலவில்லேன்னா வேற யாருக்கோ செலவுன்னு அர்த்தம்."

கூடத்தில் கை விசிறிகள் நின்றன. போதகரின் மனைவி, ஊரே அம்மா என்று கூப்பிடுகிறவள், மெதுவாகச் சொன்னாள்: "சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறத இப்படிக் கணக்குப் பாத்துப் பேசுறது நல்லாருக்கா புவாதினோ?"

நன்றாக இல்லைதான். அதனால்தான் அதற்கு மேல் அவள் பேசவில்லை. "பயண ஏற்பாட்ட என்கிட்ட விடுங்கம்மா. உங்களுக்கு கட்டில்ல படுக்கை. ஹோட்டல்ல தங்கலாம், இதே காசுக்குள்ள" என்று மட்டும் சொன்னாள்.

ஹோட்டல் என்ற சொல் கூடத்தைச் சுற்றி வந்தது.

"போன தடவ சிமெண்டுத் தரையில படுத்து எனக்கு இடுப்பே போச்சு," என்றாள் போதகரம்மா, யோசனையாக.

"அம்மா இடுப்புக்கு ரெண்டு கட்டில் சேத்துப் போடச் சொல்லு," என்றாள் மாசினா. சிரிப்பிலேயே தீர்மானம் நிறைவேறியது.

புவாதினோ எங்கும் படித்துத் தெரிந்துகொண்டவள் இல்லை. ஆனால் பன்னிரண்டு வருஷமாகக் கையில் காசில்லாமல் உலகம் சுற்றுகிற பிள்ளைகளுக்குப் பாய் விரித்துப் போடுகிறாள். அவர்களை அவள் உள்ளூர மட்டமாகத்தான் நினைத்திருந்தாள்: பெற்றவர்களை விட்டுவிட்டு, ஒரே சட்டையைத் துவைக்காமல் போட்டுக்கொண்டு, மசாலா பாக்கெட்டைக் கிழித்து நூடுல்ஸில் கொட்டித் தின்கிற பிள்ளைகள். இப்போது ஒவ்வொருவராகப் பிடித்து உட்காரவைத்து விசாரித்தாள். எந்தக் கிழமையில் விமானம் மலிவு? ராத்திரி பஸ்ஸில் ஏறினால் ஓர் இரவு வாடகை மிச்சமா? அடுக்குக் கட்டில் போட்ட அந்த விடுதிகளில் சமையலறை உண்டா, பானை எவ்வளவு பெரிசு? டென்மார்க்குப் பெண் ஒருத்தி தன் போனிலேயே பதிவு செய்யக் கற்றுக்கொடுத்தாள். போகும்போது, "நீங்க கோபக்காரங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

"கோபக்காரிதான்," என்றாள் புவாதினோ. "அடுத்த பக்கத்தக் காட்டு."

அவள் தேடிய வழிக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: அது லூபே வீட்டு வாசல் வழியாகப் போகக் கூடாது. மற்ற எல்லாம் அதிலிருந்து வந்தது. கூட்டமில்லாத ஒரு வாரம், நடுவாரத்தில் ஆக்லாந்து, அங்கே விடுதி, ராத்திரி பஸ்ஸில் வெலிங்டன், விடியற்காலை மலிவு விமானத்தில் சிட்னி, அங்கேயும் விடுதி, அப்புறம் பஸ்ஸில் பிரிஸ்பேன். அரிசி, வெங்காயம், கோழி மொத்தமாக வாங்கி நாமே சமைத்துக்கொள்ள வேண்டும். பிரிஸ்பேன் தேவாலயத்துக்குப் பரிசாகக் கொடுக்கிற பாய்களின் எடைக்கே பெட்டி சரியாகப் போய்விடும் என்பதால் உடுப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக உடுத்திக்கொண்டு விமானம் ஏற வேண்டும்.

"ஏற்கெனவே நான் ரெண்டு ஆளு சைஸு," என்றாள் மாசினா. "மூணு உடுப்பு போட்டா என்னை சாமான்ல ஏத்திடுவான்."

லூபேயிடம் கடைசிவரை சொல்லாமல் இருக்கத்தான் புவாதினோ நினைத்திருந்தாள். ஆனால் வைலோலோவில் எவர் வாயும் மூடிக் கிடப்பதில்லை. ஒரு மத்தியானம் போன் அடித்தது.

"எத்தன பேரு வர்றீங்கன்னு சரியாச் சொல்லு," என்றாள் லூபே. "மெத்தை கேக்கணும். பன்னிக்கு சொல்லிவைக்கணும். ஏதோ ஹோட்டல்னு ஒரு கத கேள்விப்பட்டேன். யாரு கிளப்பிவிட்டது?"

"நான்தான். ஹோட்டல் பதிவு பண்ணியாச்சு."

போனில் ஒரு பஸ் இரைந்து கடந்தது.

"நான் இருக்கிற ஊருக்கு வந்து ஹோட்டல்ல படுப்பியா?"

"முப்பது பேரு, லூபே. உனக்கு எதுக்கு சிரமம்?"

"சிரமம்னு நான் உன்கிட்ட சொன்னேனா?"

"சொல்ல மாட்ட. அதான்."

"இங்க எங்க சபையில எல்லாருகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன், எங்க அக்கா ஊரக் கூட்டிட்டு வர்றான்னு. இப்போ என்ன சொல்லட்டும்? என் கூடப்பொறந்தவ என் வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டாளாம்னு சொல்லட்டுமா? ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு பேசுவாங்க. நான் வந்தவங்களுக்கு சோறு போடாதவன்னு பேசுவாங்க. நீ ஒருத்தி நல்லபேரு வாங்க என் முகத்துல கரி பூசுறியா?"

"நல்லபேரா? எனக்கா? லூபே, உன் முட்டி..."

"என் முட்டியப் பத்திப் பேச நீ யாரு?"

போன் அணைந்தது. அதற்குப் பிறகு லூபே எடுக்கவே இல்லை. புவாதினோ அன்று குடில்களின் கொசுவலைகளை எல்லாம் கழற்றி அடித்துத் துவைத்தாள். அவற்றில் பாதி முந்தின நாள் துவைத்தவை. பெனாயா தூரத்தில் உட்கார்ந்து வலை பின்னினான், கிட்டே வரவில்லை.

ஆக்லாந்து விமான நிலையத்தில் வெளியே வந்தபோது லூபே இல்லை. வரக் கூடாது என்றுதான் புவாதினோ இத்தனை ஏற்பாடும் செய்தாள். ஆனாலும் கூட்டத்துக்குள் அவளையே தேடினாள். மூன்று உடுப்பு அணிந்து வியர்த்துக்கொண்டிருந்த முப்பது பேரை நகரப் பேருந்தில் ஏற்றி விடுதிக்குக் கொண்டுவந்தாள்.

போதகரம்மா அடுக்குக் கட்டிலைப் பார்த்து நெடுநேரம் நின்றாள்.

"மேல யாரு ஏறுவா?"

"நீங்க கீழம்மா."

"அப்போ மேல மாசினாவா?" போதகரம்மா கட்டில் காலை அசைத்துப் பார்த்தாள். "கர்த்தரே."

ஆனால் எல்லாம் நடந்தது. பொதுச் சமையலறையில் அடுப்புகளைக் கைப்பற்றி அரிசி வைத்தார்கள். அங்கே தங்கியிருந்த மெலிந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் தங்கள் நூடுல்ஸ் கிண்ணங்களோடு ஒதுங்கி நின்றார்கள்; மாசினா அவர்களுக்கும் கோழி வைத்துக் கொடுத்தாள். ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், புவாதினோவின் முகம் தளர்ந்திருந்தது. செலவு அடங்கிவிட்டது. லூபே தன் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள்.

பொழுது சாய்ந்தது. வைலோலோவில் மாலை ஜெபத்துக்குச் சங்கு ஊதுகிற நேரம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பேச்சு தானாக நின்றது. பொது அறையின் தரையில் எல்லோரும் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். மாசினா சுருதி எடுத்தாள். முப்பது தொண்டைகள் மாலைப் பாட்டைத் தூக்கின. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிள்ளைகள் போனில் படம் பிடித்தார்கள், கை தட்டினார்கள். விடுதி மேலாளர், கழுத்தில் பச்சை குத்திய இளைஞன், வந்து சிரித்துக்கொண்டே சொன்னான்: "ரொம்ப அழகா இருக்கு. ஆனா இங்க வேணாமே. புகார் வரும்."

புவாதினோ தலையாட்டினாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

நாளை விடிவதற்கு முன்பே வந்துவிட்டது. இருட்டில் ஒரு படுக்கையிலிருந்து ஒரு குரல் காலைப் பாட்டைத் தொடங்கியது, இன்னொரு அறை சேர்ந்துகொண்டது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாசினா மேல்குரல் எடுத்தாள். புவாதினோ பதறி எழுந்து அவர்களை அடக்கியிருக்க வேண்டும். அவளுடைய கண் திறக்கும் முன்பே அவள் வாய் பாடிக்கொண்டிருந்தது. மூன்றாவது அடியில்தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரிந்தது. அதற்குள் கட்டடம் முழுவதும் கதவுகள் திறந்துவிட்டன.

"மத்தியானத்துக்குள்ள காலி பண்ணிடுங்க," என்றான் மேலாளர். இம்முறை சிரிக்கவில்லை. "மீதி நாளுக்குக் கட்டின காசு திரும்பி வராது."

"எங்க ஊர்ல நானும் ரூம் வாடகைக்கு விடுறவதான்," என்றாள் புவாதினோ. "சாயங்காலம் சங்கு ஊதுனா உங்கள மாதிரி பிள்ளைங்க கடல்ல நின்னாலும் அப்படியே நிப்பாங்க. பாட்டு முடியிற வரைக்கும் ஒருத்தனும் அசைய மாட்டான்."

"அது உங்க ஊரும்மா. இங்க மத்தவங்க தூங்கணும்."

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளை எரித்தது. அடுப்பு எத்தனை, பானை எவ்வளவு, பஸ் எங்கே நிற்கும் என்று எல்லாவற்றையும் கேட்டவள், பாடலாமா என்று கேட்கவில்லை. உள்ளே மூச்சு விடலாமா என்று யாராவது கேட்பார்களா? திட்டுவதற்கு ஆள் தேடினாள். தன்னைத் தவிர யாரும் கிடைக்கவில்லை.

நடைபாதையில் பெட்டிகளின் மேல் முப்பது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். புவாதினோ வேறு விடுதிகளுக்குப் போன் செய்தபடி நடந்தாள். முப்பது பேருக்கு இன்றைக்கே இடம் என்றதும் எல்லோரும் சிரித்தார்கள்.

"நடக்காத, உக்காரு," என்றாள் போதகரம்மா. "நான் லூபேக்குச் சொல்லிட்டேன்."

"உங்கள யாரும்மா சொல்லச் சொன்னா?"

"என் இடுப்பு சொல்லிச்சு."

மூன்று வேன்கள் வந்தன. மாங்கெரே சபையின் வேன்கள். முதல் வேனிலிருந்து லூபே இறங்கினாள். வலது காலைத் தரையில் வைக்கும் முன் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டதைப் புவாதினோ பார்த்தாள். லூபே ஒவ்வொருவராகக் கட்டிப் பிடித்தாள், போதகரம்மாவின் கையை முத்தமிட்டாள், மாசினாவின் கன்னத்தைக் கிள்ளினாள். அக்காவின் அருகில் வந்ததும் அவள் தோளுக்கு மேலே பார்த்து, "பெட்டிய ஏத்துங்க" என்று டிரைவரிடம் சொன்னாள்.

வீட்டுக் கார் ஷெட்டில் மெத்தைகள் விரித்துக் கிடந்தன. சுவரில் பூத்துணி. கொல்லையில் பன்றி வெந்துகொண்டிருந்தது. போன் வந்த பிறகு இவ்வளவையும் செய்திருக்க முடியாது.

புவாதினோ நேராகச் சமையலறைக்குப் போனாள். லூபே கோழி வெட்டிக்கொண்டிருந்தாள். சபைப் பெண்கள் இரண்டு பேர், அக்காவின் முகத்தைப் பார்த்ததும், கொல்லையில் ஏதோ வேலை இருப்பதாக நழுவினார்கள்.

"முன்னாடியே எல்லாம் தயார் பண்ணி வெச்சிருக்க."

"உன் கட்டில் எத்தன ராத்திரி தாங்கும்னு எனக்குத் தெரியாதா? பாட்டு இல்லாம நம்மாளுங்க ஒரு நாள் இருந்திருக்காங்களா?"

"தெரிஞ்சும் சொல்லல."

"நீ என்கிட்ட கேட்டியா?"

புவாதினோ இன்னொரு கத்தியை எடுத்தாள். லூபே அதைப் பிடுங்கினாள்.

"விருந்தாளி அடுப்படிக்கு வரக் கூடாது. வெளிய போய் உக்காரு."

"யாருடி விருந்தாளி? உன் மூக்கத் தொடைச்சு வளத்தவ நான்."

"இன்னிக்கு விருந்தாளிதான். உக்காரு."

"உக்காந்து தின்னதெல்லாம் போதும். போன தடவ உன் வண்டியத் தின்னோம். இந்தத் தடவ எதத் திங்கணும்? உன் காலையா?"

லூபேயின் கை நின்றது. "சேமு சொன்னானா?"

"யாரு சொன்னா என்ன?"

"அவன் வரட்டும்." லூபே கத்தியைப் பலகையில் வைத்தாள். அவள் குரல் தாழ்ந்தது. தாழத் தாழ அதில் கோபம் கூடியது. "கேட்டுக்கோ. பதினெட்டு வருஷமா அந்தக் கட்டடத்துல குப்பை எடுக்கிறேன். எவன் மேஜையில எந்த ரொட்டித் தூள் கிடக்கும்னு எனக்குத் தெரியும். ஒருத்தனுக்கும் என் பேரு தெரியாது. எதிர்ல வந்தா சுவரோரமா ஒதுங்கிக்கணும். நீ ஊர்ல இருக்க. தெருவுல இறங்கினா, இன்னார் மக போறான்னு நாலு பேரு கூப்பிடுவாங்க. உனக்கு தினமும் ஊர் இருக்கு. எனக்கு நாலு வருஷத்துக்கு ஒரு தடவதான் ஊர் வருது. வந்தா ஒரு வாரம் நான் யாருன்னு இந்தத் தெருவுக்குத் தெரியும். அதையும் மிச்சம் பிடிச்சுக் குடுக்குறேன்னு வர்ற. நான் உன்கிட்ட கேட்டேனா?"

"அந்த ஒரு வாரத்துக்கு மூணு வருஷம் மழையில பஸ்ஸுக்கு நின்ன."

"நின்னேன். நான்தானே நின்னேன்? உனக்கா நனைஞ்சுது?"

"ஆமாடி, எனக்குத்தான் நனைஞ்சுது," என்று கத்தினாள் புவாதினோ. கொல்லையில் பேச்சு நின்றது. கார் ஷெட்டில் மாசினா அவசரமாக ஒரு பாட்டை ஆரம்பித்தாள். எல்லோரும் உரக்கச் சேர்ந்துகொண்டார்கள், உள்ளே நடப்பது கேட்காமல் இருப்பதற்காக. அந்தப் பாட்டுக்குள் இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். பிறகு லூபே கத்தியை எடுத்துக் கோழியை வெட்டத் தொடங்கினாள்.

அந்த வாரம் முழுவதும் குழு சாப்பிட்டது. புவாதினோ தட்டில் சோற்றை மட்டும் வைத்துக்கொண்டு லூபேயின் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். லூபே ஒவ்வொரு முறையும் வந்து அந்தத் தட்டில் பெரிய கறித் துண்டாகப் பார்த்து வைத்துவிட்டுப் போனாள். புவாதினோ அதை மாசினாவின் தட்டுக்குத் தள்ளினாள்.

"நீங்க நல்லா சண்ட போடுங்க," என்றாள் மாசினா. "எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல."

பிரியாவிடைக்கு முந்தின நாள் புவாதினோ போதகரம்மாவைத் தனியாகப் பிடித்தாள். "நாளைக்கு அவ குடுக்கிறத வாங்காதீங்கம்மா. வேணாம்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா எடுபடும்."

போதகரம்மா விசிறியை மடியில் வைத்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைக்காத. அவ கால நானும் பாத்தேன். ஆனா வாங்கலேன்னா, இந்தத் தெருவுல அவ எப்படி நடப்பா? நீ சொல்லு, நான் சொல்லிடுறேன்."



அடுத்த நாள் வாசலில் எல்லோர் முன்னிலையிலும் சபைப் பேச்சாளர் கோலூன்றி நின்று, லூபே வீட்டார் தரும் பொருள்களை ஒவ்வொன்றாக உரக்க அறிவித்தார். பக்கத்து வீட்டார் வேலிமேல் சாய்ந்து கேட்டார்கள். லூபே புது உடுப்பில், காதில் சிவப்புப் பூவுடன், நேராக நின்றாள். காலை ஊன்றுவதே தெரியவில்லை. அவ்வளவு அழகாக அவளை நான்கு வருஷமாகப் பார்க்கவில்லை என்று புவாதினோ நினைத்தாள், நினைத்ததும் தன்மேலும் அவள்மேலும் எரிச்சல் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அவள் தட்டவில்லை.

வெலிங்டன் பஸ்ஸுக்கான வேன்கள் வந்தன. புவாதினோ போனைத் திறந்து, பதிவுகளை எல்லாம் மாசினாவின் போனுக்கு அனுப்பிவிட்டு, சிட்னி விடுதியில் காலையும் மாலையும் எதிரில் இருக்கிற பூங்காவுக்குப் போய்ப் பாடும்படி சொன்னாள்.

"எதுக்கு என்கிட்ட சொல்ற? நீ வாயில பிளாஸ்திரி போட்டுக்கிட்டா வர்ற?"

"நான் வரல."

"டிக்கெட் வீணாப் போகுமேடி. இந்த நாலு ஊருக்கு ஒரு வருஷமா நீதானே நாயா அலைஞ்ச?"

"வீணாப் போகட்டும்."

"திரும்பி ஊருக்கு எப்படி வருவ?"

"தெரியாது," என்றாள் புவாதினோ. ஒரு வருஷமாக அந்த வார்த்தையை அவள் சொல்லியிருக்கவில்லை. மாசினா அவள் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு வாயைத் திறக்காமல் வேனில் ஏறினாள்.

வேன்கள் திரும்பிப் போனதும் தெரு அமைதியானது. லூபே வாசலில் நின்றபடியே காதிலிருந்து பூவை எடுத்தாள். உள்ளே போய் வேலைக்குப் போகிற நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தாள். அக்கா பெட்டியோடு படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"பஸ்ஸ விட்டுட்டியா?"

"நீ எந்த பஸ்ல போற?"

"உனக்கு எதுக்கு?"

"எந்த பஸ்ஸுன்னு கேட்டேன்."

இரண்டு பஸ் மாறிப் போனார்கள். ஒரே இருக்கையில் உட்கார்ந்து ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. ஆபீஸ்காரர்கள் எதிரே கும்பல் கும்பலாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கட்டட வாசலில் லூபேயைப் பார்த்துத் தலையசைத்த காவலாளி, பின்னால் பூப்போட்ட உடுப்பில் வருகிறவளை நிறுத்தினார்.

"இது யாரு?"

"எங்க அக்கா. விருந்துக்கு வந்திருக்கா."

"விருந்துக்கு வந்தவங்கள இங்கயா கூட்டிட்டு வருவாங்க?"

"அவளக் கேளுங்க."

லூபே கீழ்த்தள அலமாரியிலிருந்து தூசி உறிஞ்சும் இயந்திரத்தை எடுத்தாள். புவாதினோ அதை அவள் கையிலிருந்து பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படியைப் பார்த்து நடந்தாள்.

"எந்த மாடி?"

"ஏழு. லிஃப்ட் இருக்கு, கழுதை."

ஏழாவது மாடியில் வரிசையாக மேஜைகள். கடைசியில் கண்ணாடி அறைக்குள் தோலுறை போட்ட சுழல் நாற்காலி ஒன்று இருந்தது. புவாதினோ அதை வெளியே உருட்டிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் நிறுத்தினாள்.

"உக்காரு."

"அது மேனேஜர் நாற்காலி."

"உக்காருன்னு சொன்னேன்."

லூபே உட்கார்ந்தாள். புவாதினோ ஒரு குப்பைக் கூடையைக் கவிழ்த்து அவளுடைய வலது காலைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். மெதுவாக வைக்கவில்லை. லூபே பல்லைக் கடித்தாள், காலை எடுக்கவில்லை. இயந்திரம் இரைந்தது. புவாதினோ தரையோடு சண்டைக்குப் போகிறவள் போல ஒவ்வொரு மேஜைக்கு அடியிலும் குனிந்து, கம்பிகளை இழுத்து, நாற்காலிகளை இடித்துத் தள்ளி வேலை செய்தாள். அரைக் கூடம் முடிந்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்த ஜன்னலோர மேஜைய விட்டுட்ட. அவன் தின்னுட்டு தூள எல்லாம் பின்பக்கமாத் தள்ளுவான்."

"பாத்தேன்."

"பாக்கல. பாத்திருந்தா விட்டிருக்க மாட்ட."

"வாய மூடிட்டு இருடி."

"நாளைக்கு எட்டாவது மாடியும் இருக்கு. இதே வேகத்துல செஞ்சேன்னா கடைசி பஸ் போயிடும்."

புவாதினோ முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, அந்த ஜன்னலோர மேஜைக்குத் திரும்பிப் போனாள்.